ஓஸ்லோவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: முதல் ஞாயிறு நடைக்கு

வந்து இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, அடையாள எண் என்று அலைச்சல் இருக்கும். அலைந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகமும் கிடையாது, பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். அந்த ஒரு நாளை ஊரை நடந்து பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்த புதிதில் நான்கு மாதம் சுரங்க ரயிலிலேயே போய்வந்தேன். எது எதற்குப் பக்கம் என்றே தெரியாது. ஒரு நாள் முழுக்க நடந்த பிறகுதான் ஊர் பிடிபட்டது. தினமும் ரயில் மாறிப் போன இடம் வெறும் பத்து நிமிட நடை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் காலணி. பனிக்காலத்தில் வருகிறவர்கள், ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டையைக் கட்டாயம் வாங்குங்கள். இங்கே அதை ‘புரோடர்’ என்பார்கள். பனி விழும்போது அவ்வளவு பயமில்லை. உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும் பாருங்கள், அப்போதுதான் ஆபத்து. என் முதல் பிப்ரவரியில் டிராம் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

சரி, நடையை ஓஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். வெளியே வெண்கலப் புலி நிற்கும். யாரையாவது சந்திப்பதென்றால் எல்லோரும் சொல்லும் அடையாளம் அதுதான். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால், இசை நாடகங்கள் நடக்கும் ஆபரா மாளிகை. 2008-இல் திறந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்தே வெள்ளைப் பளிங்குச் சரிவு தொடங்கி, அப்படியே கூரையாக மேலேறிவிடும். டிக்கெட் கிடையாது, நடந்து ஏற வேண்டியதுதான். அம்மா ஜூனில் வந்திருந்தபோது கூட்டிப்போனேன். வெயிலில் கல் இளஞ்சூடாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நம் கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி நிதானமாக மேலே வரை நடந்தார். உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்; மறுபக்கம் காடு மூடிய மலை. ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரே பார்வையில் புரியும். கல்லில் சின்னச் சின்னப் படிகளும் விளிம்புகளும் உண்டு, குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஈரமாக இருந்தால் மேலே போகவே வேண்டாம்.

எதிரிலேயே டெய்க்மன் நூலகம். 2020-இல் இந்த இடத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். குளிரில் விறைத்த கையோடு உள்ளே நுழைந்து, கண்ணாடிச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது. நார்வேஜிய மொழியைப் பேசிப் பழக ‘ஸ்ப்ரோக் கஃபே’ என்ற சந்திப்புகளை நடத்துகிறார்கள். காசு கட்ட வேண்டாம். தப்புத் தப்பாகப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள். நாள் விசாரித்துவிட்டே வெளியே வாருங்கள்.

அப்புறம் ஆகெர்ஷுஸ் கோட்டை. 1300 வாக்கில் கட்டத் தொடங்கியது. மதில்மேல் நடப்பதற்குக் கட்டணமில்லை. பக்கத்துத் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருப்பதைக் கவனியுங்கள். 1624-இல் பெரிய தீயில் பழைய ஊர் எரிந்துபோக, மன்னர் நான்காம் கிறிஸ்டியான் ஊரையே கோட்டைப் பக்கம் நகர்த்தினார். தீ பரவாமலிருக்கத் தெருக்களை அகலமாக்கி, மர வீடுகளைத் தடுத்தார். பெயரையும் கிறிஸ்டியானியா என்று மாற்றினார். ஓஸ்லோ என்ற பழைய பெயர் திரும்பி வந்தது 1925-இல்தான்.

கோட்டையிலிருந்து இறங்கினால் இரட்டைச் செங்கல் கோபுரத்தோடு நகர மண்டபம். அமைதிக்கான நோபல் பரிசை ஒவ்வொரு டிசம்பர் 10-ஆம் தேதியும் இங்கேதான் வழங்குகிறார்கள். 2014-இல் கைலாஷ் சத்யார்த்தியும் மலாலாவும் வாங்கியது இந்தக் கூடத்தில்தான். திறந்திருந்தால் உள்ளே போய்ச் சுவர் முழுக்க இருக்கும் ஓவியங்களைப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். இங்கே ஹோட்டல் விலை கையைக் கடிக்கும். வீட்டில் கட்டிய சாப்பாட்டை வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்த ஊர்க்காரர்களுக்கே வழக்கம். ‘மாத்பக்கே’ என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அதனால் எலுமிச்சை சாதத்தைக் கூச்சப்படாமல் பிரியுங்கள். நல்ல இடம் அரண்மனைப் பூங்கா. கார்ல் யோஹான் தெருவில் நாடாளுமன்றத்தையும் நேஷனல் தியேட்டரையும் தாண்டி நேரே போனால் மேட்டில் அரண்மனை தெரியும். சுற்றிலும் மதில் கிடையாது. ராஜா வீட்டு வாசலுக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும், பாட்டிலில் பிடித்துக்கொண்டால் போதும்.

சாலையைக் கடக்கும்போது ஒன்று. பாதசாரிகளுக்கான வரிக்கோட்டில் நீங்கள் கால் வைத்தாலே கார்கள் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் டிராமும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். டிராமுக்குத்தான் முன்னுரிமை, நாம்தான் நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக விகெலான் பூங்கா. அரண்மனையிலிருந்து அரை மணிக்கு மேல் நடை. கால் வலித்தால் டிராமில் போகலாம். குஸ்தாவ் விகெலான் என்ற ஒரே சிற்பி செய்த 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள். நடுவில் ஒரே கருங்கல்லில் செதுக்கிய தூண், அதில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அதைச் சுற்றியுள்ள படிகளில் இருக்கும் சிற்பங்களை விட்டுவிடாதீர்கள். தாத்தா, பாட்டி, சண்டை போடும் பிள்ளைகள், முதுகில் குழந்தைகளைச் சுமக்கும் அம்மா என்று எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தான். பூங்கா இரவு பகலாகத் திறந்தே இருக்கும், கட்டணம் இல்லை.

ஜூனில் வந்தால் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். டிசம்பரில் மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அப்போது வழியைத் திருப்பிக்கொள்ளுங்கள்: காலை பத்து மணிக்கு விகெலான் பூங்காவில் தொடங்கி, இருட்டும் நேரத்துக்கு டெய்க்மன் நூலகத்தின் கதகதப்புக்குள் வந்துவிடுங்கள்.