புது ஆம்ப்ளிஃபையரில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை எங்கே வைப்பது? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

மன்னார்குடி சித்தப்பா:
அனைவருக்கும் வணக்கம். புது ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் நேற்று நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. பொருத்திக் கொடுத்தவர் பாஸ் (தாழ்ந்த ஒலி) குமிழைக் கடிகார முள்ளின் 3 மணி நிலைக்கும் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழை 2 மணி நிலைக்கும் திருப்பி, லவுட்னஸ் பொத்தானையும் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். கடையில் தெளிவாகக் கேட்ட அதே கச்சேரி, இங்கே மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) ஒலி கூடம் முழுவதும் கும்மென்று நிறைந்து, பாடுபவரின் குரலை மூடிவிடுகிறது. அப்பா, சாகித்தியமே புரியவில்லை என்கிறார். தம்பி, எந்தக் குமிழை எங்கே வைப்பது என்று விளக்கமாக எழுது.

தஞ்சாவூர் அண்ணன்:
வணக்கம் சித்தப்பா. முதலில் இரண்டு குமிழ்களையும் 12 மணி நிலைக்குக் கொண்டுவந்து, லவுட்னஸை அணைத்துவிடுங்கள். பாட்டைக் கைபேசியிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால், அதில் உள்ள ஈக்வலைசரும் (ஒலியின் பகுதிகளை ஏற்றி இறக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு முறை, ஆம்ப்ளிஃபையரில் ஒரு முறை என்று பாஸ் இரட்டிப்பாக ஏறுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு படமும் அனுப்புங்கள்.

மன்னார்குடி சித்தப்பா:
படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று சுவர் அலமாரிக்குள், மற்றொன்று மூலையில். குமிழ்களை நடுவில் வைத்த பிறகு ஓரளவு குறைந்தது. ஆனாலும் மூலையிலிருந்து வரும் அந்த உறுமல் போகவில்லை.

தஞ்சாவூர் அண்ணன்:
போகாது சித்தப்பா, ஏனென்றால் அந்தக் கூடுதல் பாஸ் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வருகிறது. தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும். பக்கத்தில் சுவர் இருந்தால் பின்னால் போகும் ஒலியும் திரும்பி முன்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. கோட்பாட்டின்படி, மிக அருகில் இருக்கும் ஒவ்வொரு பரப்பும் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) வரை கூட்டக்கூடும். மூலையில் இரண்டு சுவர்களோடு தரையும் சேர்ந்துகொள்வதால், குமிழைத் தொடாமலேயே உங்களுக்குப் பாஸ் ஏறிவிட்டது. ஆகவே குமிழில் கை வைக்கும் முன் ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்தும் மூலையிலிருந்தும் வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி, ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு வருமாறு மேசை மீதோ ஸ்டாண்டின் மீதோ வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் இடமும் ஏறத்தாழச் சம தூர முக்கோணமாக அமைந்தால் குரல் நடுவில் நிற்கும்.

நீடாமங்கலம் மாப்பிள்ளை:
மச்சான், ஒரு சந்தேகம். நல்ல ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்கள் இந்தக் குமிழ்களையே தொடக் கூடாது, சோர்ஸ் டைரக்ட் பொத்தானை அழுத்திவிட்டு, பதிவு எப்படி இருக்கிறதோ அப்படியே கேட்க வேண்டும் என்கிறார்களே? டோன் கன்ட்ரோல், அதாவது இந்தப் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள், ஒலியைக் கெடுத்துவிடும் என்பது உண்மையா?

தஞ்சாவூர் அண்ணன்:
மாப்பிள்ளை, அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் முழுவதும் ஏற்கவில்லை. சோர்ஸ் டைரக்ட் என்பது டோன் கன்ட்ரோல் பகுதியைத் தாண்டி ஒலிச் சமிக்ஞையை நேராக அனுப்பும் வழி. பல ஆம்ப்ளிஃபையர்களில் பேலன்ஸ் குமிழும் அப்போது வேலை செய்யாது. அது தூய்மையான வழிதான். ஆனால் பதிவு எப்படி இருக்கிறதோ அப்படியே கேட்க வேண்டுமானால், கூடமும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருக்க வேண்டுமே? காவித்தரையும் காரைச் சுவரும் உள்ள நம் பக்கத்துக் கூடம் எதுவும் அப்படி இருப்பதில்லை.

மேலும் இந்தக் குமிழ்களை அலங்காரத்துக்காக யாரும் வைக்கவில்லை. பீட்டர் பாக்சன்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட சுற்றமைப்பின் வழியில்தான் இன்றும் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களின் பாஸ், ட்ரெபிள் பகுதிகள் இயங்குகின்றன. குமிழ் நடுவில் இருக்கும்போது அது எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. இருபுறமும் திருப்பினால் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற அளவு) பக்கமும் 10,000 ஹெர்ட்ஸ் பக்கமும் ஏறத்தாழ 10 டெசிபெல் வரை ஏறி இறங்கும். 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அளவோடு பயன்படுத்தினால் அது நல்ல கருவி.

கும்பகோணம் அத்தை:
அண்ணா, அளவு எது என்பதைக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும். நன்றாகப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொண்டு, முதலில் தம்புராவை மட்டும் கேளுங்கள். சுருதி இரு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே சீராக வர வேண்டும். பிறகு மிருதங்கத்தைக் கவனியுங்கள். வலந்தலை, அதாவது வலது பக்கம், சுருதியோடு சேர்ந்த நாதம். தொப்பி, ரவைப் பிசையல் ஏற்றிய தாழ்ந்த நாதம். இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுந்து, தொப்பியின் கும்காரம் மிருதங்கத்தின் அடுத்த சொல் (அடி) வருவதற்குள் அடங்கினால் பாஸ் சரியாக இருக்கிறது. தொப்பி எல்லாம் ஒரே ஒலியாக நீண்டுகொண்டே போனால் பாஸ் அதிகம். பாடுபவரின் "ச", "ஸ" எழுத்துகள் சீறினால் ட்ரெபிள் அதிகம். தம்புராவின் ஜீவாவே (தந்தியின் அடியில் வைக்கும் நூல் தரும் ரீங்காரம்) தெரியாமல் போனால் ட்ரெபிள் குறைவு.

தஞ்சாவூர் அண்ணன்:
அத்தை சொன்னதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதுவே பாஸ் குமிழின் ஆட்சிக்குள் வருகிறது என்பதால், அந்தக் குமிழை ஏற்றும்போது தொப்பி மட்டுமல்ல, குரலின் அடிப்பாகமும் சேர்ந்து தடித்துவிடுகிறது. ஆனால் சொற்களைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் கூர்மை அதற்கு வெகு மேலே, 2,000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால் இருக்கிறது. தாத்தாவுக்குச் சாகித்தியம் புரியாததன் காரணம் இதுதான்: கீழே கூடியது மேலே உள்ளதை மறைத்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ட்ரெபிளை ஏற்றுவதற்கு முன் பாஸைக் குறைத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாஸை 10 டெசிபெல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு திறன் கொடுக்க வேண்டும். 5 வாட் போதுமாயிருந்த இடத்தில் 50 வாட் வேண்டும். சத்தத்தையும் கூட்டிவைத்திருந்தால் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையை மீறி, அலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் உண்டாகும் உயர் அதிர்வெண்கள்தான் பல வீடுகளில் ட்வீட்டரைச் சுட்டுவிடுகின்றன.

திருவாரூர் தங்கை:
அப்படியானால் லவுட்னஸ் பொத்தான் எதற்காக இருக்கிறது?

தஞ்சாவூர் அண்ணன்:
இரவில் மெதுவாகக் கேட்பதற்காக. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை மிகவும் குறைவாக உணர்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவரும் இதை 1933இலேயே அளந்து காட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் லவுட்னஸ் பாஸை உயர்த்துகிறது. பகலில் கூடம் நிறையக் கேட்கும்போது அதற்கு வேலையே இல்லை.

மன்னார்குடி சித்தப்பா:
ஸ்பீக்கர்களை நகர்த்தி, தரையில் ஜமக்காளம் விரித்துவிட்டேன். உறுமல் பெருமளவு போய்விட்டது. பாஸை ஒரு கோடு, அதாவது 2 டெசிபெல், குறைத்த பிறகு தொப்பியும் வலந்தலையும் அழகாகப் பிரிந்து கேட்கின்றன. ஆனால் நாதஸ்வரப் பதிவைப் போட்டால் காது கூசுகிறது. ட்ரெபிளைக் குறைக்கட்டுமா?

தஞ்சாவூர் அண்ணன்:
வேண்டாம் சித்தப்பா. நாதஸ்வரத்தின் வீரியம் பெரும்பகுதி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. நம் காது மிகக் கூர்மையாக உணர்வதும் அந்தப் பகுதியைத்தான். ட்ரெபிள் குமிழின் பிடி அங்கே குறைவு. அதை இறக்கினால் நாதஸ்வரம் அடங்குவதற்கு முன்பே கைத்தாளத்தின் கணீர் ஒலியும், தவிலில் விரல் கூடுகள் விழும் துல்லியமும் மங்கிவிடும். கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஒலிப்பதற்கென்று உருவான வாத்தியம் அது. கூடத்துக்குள் சத்தத்தைச் சற்றுக் குறையுங்கள். ஸ்பீக்கர்கள் உங்களை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

கும்பகோணம் அத்தை:
ஜமக்காளம் மேல் ஒலிகளைத்தான் உறிஞ்சும், பாஸை அது ஒன்றும் செய்யாது என்று முன்பு நீ சொல்லியிருக்கிறாய். அப்பாவுக்கு வயதின் காரணமாக உயர்ந்த ஒலிகள் குறைவாகக் கேட்கும் என்பதால், அவர் தனியாகக் கேட்கும்போது ட்ரெபிளை ஒரு கோடு ஏற்றுவது நியாயம்தானே?

தஞ்சாவூர் அண்ணன்:
முழுக்க நியாயம், அத்தை. கேட்பவருக்காகத்தான் அந்தக் குமிழ். அதேபோல் தாத்தாவின் பழைய கேசட்டுகளைப் போடும்போது நாடாவின் இரைச்சல் தொந்தரவாக இருந்தால், ட்ரெபிளை ஒரு கோடு இறக்கிக் கேட்டுவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம்.

மன்னார்குடி சித்தப்பா:
அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பாஸ் ஒரு கோடு கீழே, ட்ரெபிள் ஒரு கோடு மேலே, லவுட்னஸ் இல்லை. அனுபல்லவி முழுவதும் சொல் சொல்லாகப் புரிகிறது என்று சொன்னார்.

தஞ்சாவூர் அண்ணன்:
மிக்க மகிழ்ச்சி. இதே நிலையில் சில நாட்கள் பல வகைப் பதிவுகளையும் கேளுங்கள். காது பழகிய பிறகும் குறை தெரிந்தால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்.