ட்ரெய்லர் தகட்டில் ஏறும் மின்சாரம்: ‘மேனிமின்’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கேம்பிங் ட்ரெய்லரைப் பிளக்கில் இணைப்பதற்கான கையேட்டில் ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வண்டியின் வெளித்தகடு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும் நிலைக்குத்தான் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் இதை ‘ஹாட் ஸ்கின்’ (hot skin) என்கிறார்கள். நீங்கள் எழுதியிருந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாக என் பதில்:

> சூட்டுத்தோல்

வேண்டாம். தகடு கொதிக்கிறது என்று நினைத்து, படிப்பவர் கையை வைத்துப் பார்ப்பார்.

> மின்கசிவு

ஷார்ட் சர்க்யூட்டில் கூரை எரிந்தாலும் செய்தித்தாளில் ‘மின்கசிவு’தான். அந்தச் சொல் தீயின் பக்கம் போய்விட்டது.

> ஃபிட்டர்கள் ‘பாடி ஷார்ட்’ என்கிறார்கள், அதையே எழுதினால் என்ன?

கும்பகோணத்து ஐயா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. மோட்டார் கொட்டகைக்குப் போய்வரும் எவருக்கும் ‘பாடியில கரண்ட் இறங்குது’ என்றால் உடனே புரியும். விளக்கத்தில் அந்தத் தொடர் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் ஐயா, ‘பாடி ஷார்ட்’ என்றால் உள்ளே ஏதோ ஒயர் தகட்டில் பட்டுவிட்டது என்றுதான் பொருள். ட்ரெய்லரில் உள் ஒயரிங் பழுதே இல்லாமல் இருந்தாலும், வெளியே இருக்கும் பிளக்கிலிருந்து தகட்டுக்கு 230 வோல்ட் வந்துவிடலாம்.

நம் பக்கத்துத் தோப்பு வீடுகளில் எர்த் குழி இல்லாத இடத்தில், நியூட்ரலையே எர்த் முனைக்கு லூப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அந்த லைனில் எங்காவது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் எர்த் முனையில் ஃபேஸ் நிற்கும். எர்த் ஒயர் வண்டியின் தகட்டோடு சேர்ந்திருப்பதால் வண்டி முழுக்க ஏறிவிடும். வண்டிக்குள் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே வெட்டும் சுவிட்ச்) இதில் விழாது. அது ஃபேஸில் போவதையும் நியூட்ரலில் திரும்புவதையும்தான் ஒப்பிடுகிறது. எர்த் ஒயர் அதன் வழியாகப் போவதே இல்லை. டயர் ரப்பர் என்பதால் மின்சாரம் மண்ணுக்கும் இறங்காது. உள்ளே படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குறுவை வயலோரத்து ஈர மண்ணில் ஒரு காலை வைத்துக் கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவர் வழியாகத்தான் அது இறங்கும். வேளாங்கண்ணித் திருவிழாச் சமயத்தில் தோப்புகளில் வண்டியை நிறுத்தி, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பவர்களை நினைத்துத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அதனால் பழுதின் காரணத்தைச் சொல்லாமல், மின்சாரம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும் பெயர் வேண்டும். ‘உடல்மின்’ என்றால் ஈசிஜி நினைவுக்கு வரும். ‘மேனி’ என்பது வெளியே தெரிகிற, கைபடுகிற பரப்பு. மேனிமின், மேனிமின் சோதனை, மேனிமின் ஏறிய வண்டி என்று எல்லா இடத்திலும் பொருந்துகிறது. சொல் மென்மையாக இருக்கிறது, பயம் வராது என்று நாகப்பட்டினத்துத் தங்கை எழுதியிருந்தார். ‘உயிருக்கு ஆபத்து’ என்று பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம், அம்மா. அந்தப் பயத்தைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

ஆர்சிசிபிக்குத் தமிழில் ‘தடுப்பான்’, ‘துண்டிப்பான்’ இரண்டில் துண்டிப்பானுக்கே என் ஓட்டு. அது கசிவைத் தடுப்பதில்லை, கசிந்ததும் இணைப்பை வெட்டுகிறது.

பதிவின் வரைவு:

மேனிமின்: வண்டியின் வெளித்தகட்டில் மின்சாரம் ஏறி நிற்கும் நிலை, ‘பாடியில் கரண்ட் இறங்குவது’. உயிருக்கு ஆபத்து. ஒயரைச் செருகுமுன் பிளக்கின் மூன்று துளையிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கவும். நேராகப் பார்க்கையில் வலப்பக்கத் துளையில் மட்டுமே விளக்கு எரிய வேண்டும். எர்த் துளையில் எரிந்தால் அந்தப் பிளக்கைத் தொட வேண்டாம். எரியாததாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதை எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்ல வேண்டும். முதலில் வண்டிப் பக்கம் இணைத்து, கடைசியாகப் பிளக்கில் செருகவும். கழற்றும்போது பிளக்கிலிருந்துதான் முதலில். இணைத்த பின் தகட்டைக் கையால் தொடுமுன் டெஸ்டரால் தொட்டுப் பார்க்கவும்.

‘வெளித்தகடு’ என்பதில் கதவுப் படியும் இழுவைக் கொக்கியும் அடங்குமா என்று யாராவது சொன்னால் நல்லது. ஈரக் காலோடு முதலில் தொடுவது அவற்றைத்தான்.