கும்பகோணத்தில் பழைய வீடு வாங்கிச் செப்பனிட்டு விற்க: மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி:
1,100 சதுர அடி வீடு. சுண்ணாம்புச் சுவர், கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம்), பின்கட்டுக்கு நாட்டு ஓடு. சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கிறது. ஆனியில் ஆரம்பித்து, தையில் விற்க எண்ணம். மேஸ்திரி மொத்தமாக ஒரு தொகை சொல்லி "எல்லாம் அடக்கம்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? எந்த வேலை முதலில்?

பதில்:
மொத்தத் தொகைக்கு ஒத்துக்காதீங்க சார். பூச்சை உரிச்சாத்தான் சுவர் லட்சணம் தெரியும், அதுக்கு முன்னாடி சொல்ற தொகை யாருக்கும் நிக்காது. பூச்சும் தரையும் சதுர அடிக்கு, வயரிங்கும் பைப்பும் பாயிண்டுக்குன்னு (ஒரு சுவிட்சுக்கு, ஒரு குழாய்க்கு இவ்வளவுன்னு) ரேட் எழுதி வாங்குங்க. பழைய காரை உரிக்கிற கூலி, குப்பை அள்ளுற வண்டி, சாரம், கியூரிங் தண்ணி ஊத்துறது யார் பொறுப்புன்னு தனித்தனியா எழுதணும். சண்டை வர்றதே இங்கதான். வேலை முடிய முடியத்தான் பணம். கடைசி 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பார்த்துட்டுக் கொடுங்க. புரட்டாசியில சம்பா நடவு வந்தா சித்தாள் கிடைக்காது, அதையும் கணக்குல வைங்க.

பதில்:
கூரைதான் முதல்ல. உத்திரத்தோட முனை சுவருக்குள்ள போற இடத்துல ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா உளுத்துப்போச்சு, ஆசாரியைக் கூப்பிடணும். ஒழுகுதுன்னு மேல கான்கிரீட் போடச் சொன்னா கண்டிப்பா வேண்டாம். 2 அங்குல கான்கிரீட் சதுர அடிக்கு சுமார் 11 கிலோ. 200 சதுர அடி கூடத்துக்கு 2 டன்னுக்கு மேல பாரம். மேல பதிச்சிருக்கிற பழைய தட்டையான ஓட்டை (தட்டோடு) பெயர்த்துட்டு, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, வாட்டம் கொடுத்து, திரும்ப ஓடு பதிக்கிறதுதான் சரி. ஐப்பசிக்கு முன்னாடி இது முடிஞ்சிருக்கணும்.

பதில்:
ஓதத்துக்கு மேல சிமெண்ட் பூச்சும் பட்டியும் (பெயிண்டுக்கு முன்னாடி பூசுற மாவு) போட்டு மறைக்கிறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. ஈரம் வெளியேற வழியில்லாம இன்னும் மேல ஏறும், விற்கிறதுக்குள்ள பெயிண்ட் பொரிஞ்சு உதிரும். கறை தெரியற உயரத்துக்கு மேல ஒன்றரை அடி வரைக்கும் உரிங்க. செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டணும். உப்பைக் கம்பி பிரஷ்ஷால காய்ஞ்ச நிலையிலேயே தட்டி அள்ளுங்க, தண்ணி விட்டுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளேதான் போகும். பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்து அரை அங்குலத்துக்கு மிகாம பூசி, மேல சுண்ணாம்பு அடிங்க. கனமான சுவர் முழுசாக் காய மாசக்கணக்காகும், தைக்குள்ள காயாது. வாங்குறவர்கிட்ட அதை மறைக்காதீங்க.

இன்னொண்ணு: தெருவை உசத்தி உசத்தி ரோடு போட்டிருந்தா வீட்டுத் தரை பள்ளமாயிருக்கும். சுவரை ஒட்டி வெளிமண் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அளந்து பாருங்க. மண்ணை வெட்டி வடிகால் இறக்காம எந்த மருந்து அடிச்சும் பிரயோசனமில்லை.

பதில்:
மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அடிமனை யாருடையதுன்னு பாருங்க. நம்ம பக்கம் கட்டடம் மட்டும் சொந்தமாகி, மனை கோயிலுக்கோ மடத்துக்கோ இருக்கிற வீடு நிறைய. அப்படி இருந்தா வாங்குறவருக்கு பேங்க் லோன் கிடைக்கிறதே சிரமம். 24 மாசத்துக்குள்ள வித்தா குறுகிய கால லாபம், உங்க வருமான வரி விகிதத்திலேயே வரி வரும். செலவைக் கழிச்சுக்க பில் வேணும், கூலிக்கும் வவுச்சர்ல கையெழுத்து வாங்கி வைங்க.