‘ரிடக்ஷன்’: நேராக்கலா, மீளமர்த்தலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மணிக்கட்டு, முன்கை முறிவுகளுக்கான அறுவைச் சிகிச்சைத் தமிழ்க் கையேட்டில், விலகிய எலும்பை அதன் இடத்துக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் ‘ரிடக்ஷன்’ (reduction) என்ற சொல்லுக்கு ‘நேராக்கல்’ என்று நம் குழும ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அகராதியைப் பார்த்து ‘குறைப்பு’ என்று எழுதிவைக்கும் கொடுமைக்கு அது எவ்வளவோ மேல். எனினும் முன்கைக்கு அச்சொல் ஒவ்வாது. தடை உடற்கூற்றிலேயே இருக்கிறது.

முன்கையின் இரண்டு எலும்புகளில், கட்டைவிரல் பக்கம் உள்ள ஆரை எலும்பு (radius) இயல்பிலேயே சற்று வளைந்தது. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது அது சுண்டுவிரல் பக்கம் உள்ள அரந்தி எலும்பைச் (ulna) சுற்றி வருவதற்கு அந்த வளைவே இடம் தருகிறது. முறிந்த ஆரை எலும்பை உண்மையாகவே நேராக்கி பிளேட் வைத்துவிட்டால், எலும்பு கூடிய பிறகும் அந்தக் கை முழுதாகத் திரும்பாது. மணிக்கட்டிலும் அப்படித்தான்: ஆரை எலும்பின் கீழ்முனை உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பதே இயல்பு. 1814இல் அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்த மணிக்கட்டு முறிவில், பெரும்பாலும் கையை ஊன்றி விழுவதால், அம்முனை புறங்கைப் பக்கம் சாய்ந்து எலும்பின் நீளமும் குன்றுகிறது. அந்தச் சாய்வையும் நீளத்தையும் மீட்டுத் தருவதுதான் மருத்துவரின் வேலை.

‘கூட்டுதல்’ என்று சொல்லலாமே என்றார் இன்னொரு அன்பர். வட சென்னையின் வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் “எலும்பு கூடிடுச்சா?” என்று கேட்பவர் வினவுவது வாரக்கணக்கில் எலும்பு தானாகவே ஒட்டி வளர்வதைப் பற்றி, அச்சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை ஸ்டான்லி மருத்துவமனையில் இருப்பதாலோ என்னவோ, பிரஸ்ஸிலும் லேத்திலும் கை சிக்கியவர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் மாவுக்கட்டு, கம்பி, பிளேட் எல்லாம் வீட்டுப் பேச்சு. மாவுக்கட்டைவிட நல்ல கலைச்சொல்லை நாம் யாரும் ஆக்கிவிடப் போவதில்லை.

ஆகவே ‘மீளமர்த்தல்’ என்று முன்மொழிகிறேன். விலகிய துண்டை அதன் இடத்தில் மீண்டும் அமரச் செய்வது என்ற பொருள் நேரடியாகக் கிடைக்கிறது. அரந்தி முறிந்து, முழங்கையில் ஆரை எலும்பின் தலை விலகும் மான்டேஜியா காயத்தில் முறிவு, மூட்டு விலகல் இரண்டுக்கும் ஒரே சொல் தேவைப்படுகிறது. ‘நேராக்கல்’ அங்கே அறவே உதவாது. கம்பியோ பிளேட்டோ வைப்பதை ‘நிலைநிறுத்தல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

அடைமொழியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அறுத்துச் செய்யும் ‘ஓப்பன் ரிடக்ஷ’னை ‘திறந்த மீளமர்த்தல்’ என்றால், தோல் கிழிந்து எலும்பு வெளிப்படும் ‘திறந்த முறிவு’ நினைவுக்கு வந்து, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவர் குழம்பக்கூடும். ‘அறுத்து மீளமர்த்தல்’, ‘அறுக்காமல் மீளமர்த்தல்’ என்பவை சற்றுக் கரடுமுரடாக ஒலித்தாலும் ஐயத்துக்கு இடம் தரா.

மாவுக்கட்டு போட்ட முதல் இரண்டொரு வாரங்களில், வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது துண்டு மறுபடி விலகக்கூடும். மறு எக்ஸ்ரே எடுப்பது அதைக் கண்டறியவே. அந்நிலைக்கு ‘அமர்வு குலைதல்’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.