மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு சாட்டிலைட் கேமரா பக்கம் வேலை உண்டா?

தக்கலைக்காரன்:
வணக்கம். பிஈ மெக்கானிக்கல் முடிச்சு ஒரு வருசமா கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனி ஒண்ணுல டிசைன்ல இருக்கேன், டிசைன் சாப்ட்வேர்ல சாலிட்வொர்க்ஸும் கொஞ்சம் ஆன்சிஸும் தெரியும். நம்ம ஊர்ல இஸ்ரோன்னாலே மகேந்திரகிரி, எஞ்சின், ராக்கெட் இதுதான் பேச்சு, இஸ்ரோ தலைவரா வந்த சிவன் சாரும் நாராயணன் சாரும் நம்ம மாவட்டம்ங்கதால இருக்கலாம். ஆனா கார்ட்டோசாட்-3 சாட்டிலைட் சுமார் 500 கிலோமீட்டர் ஒயரத்துல இருந்து 25 சென்டிமீட்டர் வரைக்கும் பிரிச்சு பாக்கும்னு படிச்சதுல இருந்து எனக்கு ஆசை அந்த கேமரா மேலதான். அதெல்லாம் பிசிக்ஸ்காரங்க வேலைன்னு கூட இருக்கவங்க சொல்லுதாங்க. வீட்ல துபாய் போன்னு நெருக்குதாங்க. தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க.

குழித்துறை ஆறு:
தம்பி, பெங்களூர்ல இதே வேலைலதான் 9 வருசமா இருக்கேன். ஆப்டிக்ஸ்காரங்க கேமராக்குள்ள ஒளிய திருப்புத ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இவ்வளவு தூரம்னு எழுதி தருவாங்க, ராக்கெட் போட்டு குலுக்குன பெறவும், வெயில்லயும் நிழல்லயும் மாறி மாறி சுத்தும்போதும் அந்த தூரத்த காப்பாத்துறது மெக்கானிக்கல்காரன்தான்.

ஒரு கணக்கு சொல்லுதேன், பேப்பர் எடுத்து போட்டு பாரு. பெரிய கண்ணாடி, சின்ன கண்ணாடி ரெண்டும் ஜெரோடூர் மாதிரி நீளாத சரக்கு, நடுவுல 1 மீட்டர் குழாய். குழாய் அலுமினியம்னா 1 டிகிரி சூட்டுக்கு 23 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நீளும், தலைமுடி கனம்கூட இல்ல. ஆனா சின்ன கண்ணாடி பிம்பத்த 5 மடங்கு பெருசாக்குத டிசைன்னா போகஸ் நகருறது 5-ஓட வர்க்கம் கூட்டல் 1, அதாவது 26 மடங்கு. கிட்டத்தட்ட 600 மைக்ரான்! எப்-எண் (போகஸ் தூரத்த கண்ணாடி அகலத்தால வகுத்தது) 8 உள்ள கேமரா அந்தப்பக்கம் இந்தப்பக்கம் 70 மைக்ரான்தான் தாங்கும், படம் கலங்கிரும். இன்வார்ங்க இரும்பு-நிக்கல் கலவைல பண்ணுனா 1.2 மைக்ரான், பெருக்குனாலும் 31தான், ஆனா கனம் அலுமினியத்த விட 3 மடங்கு. சரி கார்பன் பைபர்னு போனா கனமும் இல்ல நீளவும் செய்யாது, ஆனா இங்க குடிச்ச ஈரம் மேல போனதும் காய்ஞ்சு சுருங்கும், அதுக்கு தனியா கணக்கு போடணும். எனக்கு இன்னும் அலுக்கல.

வேளிமலை சாரல்:
அண்ணன் சொன்னதோட ஒட்டுத பசையையும் சேத்துக்கோ தம்பி. என் முதல் வேலையில பலமா இருக்கட்டும்னு கண்ணாடிய சுத்தி முழுசா எபாக்சி போட்டு வரைஞ்சு குடுத்தேன். தெர்மோவேக்ல, அதான் காத்த எடுத்துட்டு சூடு குளிர் மாத்தி சோதிக்க அறைல, குளுர எறக்கும்போது பசை கண்ணாடிய விட நெறைய சுருங்கி ஓரத்துல சில்லு பேந்து வந்துட்டு, ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல. இப்போ மூணு எடத்துல சின்ன பொட்டா ஒட்டி, கீழ டைட்டானியத்துல பைபாட்ங்க ரெட்டைக்கால் வைக்கோம். நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல எடுக்க இல்மனைட்தான் டைட்டானியத்துக்கு மூலப்பொருள்ங்கதுல எனக்கு ஒரு தனி சந்தோசம். பசை வேக்குவம்ல ஆவி விட்டா அது கண்ணாடில போய் படியும், எடை இழப்பு 1 சதவீதத்துக்கு கீழ, படியுறது 0.1 சதவீதத்துக்கு கீழ இருந்தாத்தான் தொடுவோம்.

பார்வதிபுரம் பிள்ளை:
வழி கேட்டதுக்கு சொல்லுதேன். கேமரா வேலை பெரும்பாலும் இஸ்ரோவோட அகமதாபாத் சென்டர் சாக், கண்ணாடி பெங்களூர் சென்டர் லியோஸ். ஆதித்யா-எல்1ல போன வெல்க்ங்க சூரியன பாக்குத கருவிய பண்ணுனது பெங்களூர் ஐஐஏ, அது வானியல் ஆராய்ச்சி நிறுவனம். பிரைவேட்ல பிக்செல் மாதிரி சாட்டிலைட் கம்பெனி இருக்கு. இஸ்ரோ எக்ஸாமுக்கு பிஈல 65 சதவீதம் கேப்பாங்க. எம்டெக் சேருததுக்கான கேட் பரீட்சை எழுது, திருவனந்தபுரம் பக்கம் வலியமலைல இருக்க விண்வெளி காலேஜ் ஐஐஎஸ்டில எம்டெக் பாரு, நாகர்கோவில்ல இருந்து பக்கம்தான். ஜிடி அண்ட் டி, அதான் டிராயிங்ல அளவு எவ்வளவு பிசகலாம்னு குறிக்க முறை, நல்லா படி, இண்டர்வியூல அதுலதான் நெறைய பேரு மாட்டுதாங்க.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி, கணக்கு போட்டுட்டேன், 598 வருது. டைட்டானியம் 1 டிகிரிக்கு 8.6 மைக்ரான்னு போட்டா 224 வருதே, அதுவும் தாங்காது. அப்போ கால்ல மட்டும் ஏன் டைட்டானியம்?

வேளிமலை சாரல்:
கால் குட்டைதான தம்பி, நீளம் கொறஞ்சா நீளுறதும் கொறையும். அதோட கால் வளைஞ்சுட்டு பழைய எடத்துக்கே திரும்பி வரணும், அதுல இன்வார விட டைட்டானியம் நல்லா தாங்கும். அடுத்து கார்பன் பைபர் போட்டு பாரு.