தேவை ஆவணம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது, அவசர உதவி தேவை

புதுநிரலன்: வணக்கம். நாங்கள் கொடுத்த தேவை ஆவணத்தை (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியதை) வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘தெளிவில்லை’ என்று ஒற்றை வரி. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும். நல்ல மாதிரிப் படிவம் இருந்தால் உடனே கொடுங்கள்.

கரிசல்காடு: என்ன மென்பொருள்? திருப்பியவர் பணம் கொடுப்பவரா, தினமும் அதில் வேலை செய்யப்போகிறவரா? எந்த வரி தெளிவில்லையாம்?

மூத்தவன்: தம்பி, கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. தேவை ஆவணம் எழுதுவதற்கு ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) 830 என்று ஒரு தரநிலை உண்டு. அதன் தலைப்புகளைப் போட்டு நிரப்புங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நெல்லைவாசி: ஐயா, 830 கடைசியாகத் திருத்தப்பட்டது 1998இல். அதன் இடத்துக்கு 2011இல் 29148 என்ற தரநிலை வந்தது, 2018இல் அதற்கும் திருத்தம் வந்தது. தலைப்புகளை நிரப்புவது இருக்கட்டும், எழுதிய தேவையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று இரண்டுமே வலியுறுத்துகின்றனவே?

புதுநிரலன்: கூட்டுறவுச் சங்கத்துக்கான பால் கொள்முதல் மென்பொருள். திருப்பியவர் சங்கச் செயலர். ‘மென்பொருள் வேகமாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும்’ என்ற வரியை அடிக்கோடிட்டிருக்கிறார். இதில் என்ன புரியவில்லை?

கரிசல்காடு: முடிந்ததா இல்லையா என்று அந்த வரியை வைத்து யார் தீர்ப்புச் சொல்வது? இப்படி எழுதுங்கள்: ‘கொழுப்பும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) அளவும் பதிவானதிலிருந்து 3 வினாடிக்குள் உறுப்பினரின் ரசீது அச்சாக வேண்டும்.’ 3 என்பது நான் சும்மா போட்ட எண். காலைக் கொள்முதல் நேரத்தில் போய் நில்லுங்கள். கேனோடு வரிசையில் நிற்பவர்கள் சரியான எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று ஆவணத்தில் எங்காவது இருக்கிறதா?

விரைவன்: இந்தக் காலத்தில் ஆவணமா? வாரம் ஒரு பகுதியைச் செய்து காட்டுங்கள், போதும்.

நெல்லைவாசி: நீங்கள் சொல்லும் ‘அஜைல்’ முறையின் 2001 கொள்கை அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளை மேலாக மதித்தது. ஆவணத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதோடு, சங்கம் கையெழுத்திடாமல் பணம் வராது.

மூத்தவன்: ஒழுங்காக நிரல் எழுதத் தெரியாதவர்கள்தாம் தேவையைக் குறை சொல்வார்கள். 1996இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் வெடித்ததும் நிரல் பிழையால்தான். 64 பிட் எண்ணை அது கொள்ளாத 16 பிட் இடத்தில் திணித்தார்கள்.

கரிசல்காடு: அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடியதே! புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக அதிகம். அது பறக்கும் பாதையின் விவரம் வழிகாட்டிக் கருவியின் தேவைக் குறிப்பில் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. கோளாறு செய்த பகுதிக்கு ஏவிய பிறகு ஏரியான் 5இல் வேலையே கிடையாது. யாரும் கேட்காமலே பழைய தேவை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மூத்தவன்: எண் வரம்பு மீறுவதைப் பிடிக்கக் காப்பு வைத்திருந்தால் வெடித்திருக்காது. அதுவும் அதே விசாரணைக் குழு அறிக்கையில்தான் இருக்கிறது.

நெல்லைவாசி: ராக்கெட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. பால்காரர் காத்திருக்கிறார்.

புதுநிரலன்: கையெழுத்து கிடைத்துவிட்டது. மின்தடைக்கு மட்டும் ஏழு வரிகள் சேர்ந்தன. நன்றி.

கரிசல்காடு: மின்சாரம் இல்லாதபோது நோட்டில் எழுதிய வரவைப் பிறகு கணினியில் யார் ஏற்றுவது, இரண்டு முறை ஏறினால் எது செல்லும்? அதையும் எழுதினீர்களா?