தொடர்ச் சுற்றில் ஒரு பல்ப் எரிகிறது, மற்றது இருட்டு. முதல் பல்ப் கரண்டைத் தின்னுமா?

கல்லடி மாணவி, தரம் 11
வணக்கம். வகுப்பில் காட்ட 1.5 வோல்ட் பற்றரி இரண்டு, டோச் பல்ப் இரண்டு, ஒரு ஆளி எல்லாவற்றையும் பலகையில் பொருத்தித் தொடராக இணைத்தேன். ஆளியை மூடினால் பற்றரியின் நேர் முனைக்குக் கிட்ட இருக்கும் பல்ப் நன்றாக எரிகிறது. அடுத்தது செத்துக் கிடக்கிறது. தனியாகக் கொடுத்தால் அதுவும் எரிகிறது! தொடர்ச் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றுதான் என்று படித்தோம். எனக்கென்றால், முதல் பல்ப் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.

ஏறாவூர் வயரிங் வேலைக்காரர்
ஹோல்டரில் துரு பிடித்திருக்கும் தங்கச்சி. மண்கடதாசியால் தேய்த்துப் பாருங்கள்.

கல்லடி மாணவி
தேய்த்தேன் அண்ணா. அதே கதைதான்.

களுவாஞ்சிக்குடி விஞ்ஞான ஆசிரியர்
தொடரில் எங்கே தொடர்பு விட்டாலும் இரண்டும் அணைந்திருக்கும். ஒன்று எரிகிறதே, அப்போ பாதை அறுந்திருக்கவில்லை. மகள், இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். இருட்டு பல்போடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா? பல்பின் பித்தளைக் கழுத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் வாசித்துச் சொல்லுங்கள்.

கல்லடி மாணவி
மாற்றினேன் சேர். பல்போடுதான் போகிறது! இப்போ கிட்ட இருப்பது இருட்டு, தூர இருப்பது எரிகிறது. எரிவதில் 2.5 வோல்ட் 0.2 அம்பியர், எரியாததில் 2.5 வோல்ட் 0.5 அம்பியர். இரண்டாவது அப்பாவின் பழைய டோச்சில் கழற்றியது. 0.5 அல்லவா கூட எரிய வேண்டும்?

களுவாஞ்சிக்குடி விஞ்ஞான ஆசிரியர்
முதல் பல்ப் தின்பதென்றால் இடம் மாற்றிய பிறகும் தூர இருப்பதுதான் இருட்டாக இருந்திருக்கும். பழைய கல்லடிப் பாலத்தில் நடுவில் கிளைவழி கிடையாது. இந்தப் பக்கம் ஏறுகிற சைக்கிள் அத்தனையும் அந்தப் பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும். மின்னேற்றமும் அப்படித்தான். பல்ப் எடுப்பது சக்தியை, மின்னேற்றத்தை அல்ல.

0.5 அம்பியர் என்பது 2.5 வோல்ட் கிடைத்தால் அந்தப் பல்ப் இழுக்கும் அளவு. 2.5ஐ 0.5ஆல் வகுத்தால் தடை 5 ஓம். மற்றதற்கு 12.5 ஓம். இரண்டையும் கூட்டினால் 17.5, 3 வோல்டுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ 0.17 அம்பியர். 0.2 கேட்கிற பல்புக்கு அது கிட்டத்தட்டப் போதும். 0.5 கேட்கிறதுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கணக்கில் அதன் பங்கு 0.86 வோல்ட். அளந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் இழை குளிர்ந்திருந்தால் தடையும் குறைவு. அப்புறம், அது முழுக்க இருட்டு என்று நம்பாதீர்கள். இரவில் லைட்டை அணைத்துவிட்டு, பல்பைக் கையால் பொத்திப் பாருங்கள்.

அக்கரைப்பற்று மாணவன்
அளக்கும்போது மல்டிமீற்றரை அம்பியரில் வைத்துப் பற்றரிக்குக் குறுக்கே தொட்டுவிடாதீர்கள். மாமாவின் மீற்றரில் பியூஸைப் போக்கியவன் சொல்கிறேன். வோல்டில் வைத்துப் பல்புக்குக் குறுக்கே.

கல்லடி மாணவி
சேர், தெரிகிறது!! தலைமயிர் அளவு சிவப்பு நூல். தங்கச்சியையும் எழுப்பிக் காட்டினேன். ஒன்றுக்கு 2.4 வோல்ட், மற்றதற்கு 0.4. ஆனால் கூட்டினால் 2.8தானே, மிச்சம் 0.2 எங்கே?

களுவாஞ்சிக்குடி விஞ்ஞான ஆசிரியர்
ஆளியைத் திறந்து பற்றரியை அளந்தால் 3க்குக் கிட்ட வரும், மூடினால் இறங்கும். பற்றரிக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அகத்தடை. வயரும் ஆளியும் கொஞ்சம் எடுக்கும்.

கல்லடி மாணவி
விளங்கியது சேர். வெள்ளிக்கு முன் ஒரே மாதிரிப் பல்ப் இரண்டு வாங்கி மாற்றட்டுமா?

களுவாஞ்சிக்குடி விஞ்ஞான ஆசிரியர்
வேண்டாம், இதையே கொண்டுபோங்கள். இதே பல்புகளைச் சமாந்தரமாகவும் இணைத்துக் காட்டுங்கள், இந்த முறை 0.5தான் கூட எரியும். ஆளியை மூடமுன் எது எரியும் என்று வகுப்பில் கேட்டுவிட்டு மூடுங்கள்.